குழந்தைக்கு ஆஸ்துமா: நன்றாக இருக்கும் நாளில் ஏன் மருந்து?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. இரண்டு வயதிலிருந்தே சளி பிடித்தால் நெஞ்சில் இறங்கிவிடும். இருமல் வாரக்கணக்கில் நிற்காது. போன மாதம் ஒரு நாள் நடுராத்திரியில் மூச்சு வாங்க ஆரம்பித்து, பேசக்கூட முடியாமல் திணறிப்போனாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆஸ்துமா என்றார்கள். பெரிதாகப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. தினமும் காலை, இரவு போட ஓர் இன்ஹேலரும், இளைப்பு வந்தால் போட இன்னொன்றும் கொடுத்தார்கள். மூன்று வாரம் போட்டோம். அவள் நன்றாக இருந்ததால் தினமும் போடுவதை நிறுத்திவிட்டோம். இன்ஹேலர் பழக்கமாகிவிடும், அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, குழந்தை வளராது என்று என் மாமியார் பயப்படுகிறார். எனக்கும் அந்த பயம் உண்டு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒவ்வாமைத் தும்மல். என்னால்தான் இவளுக்கு வந்ததோ என்று தோன்றுகிறது. இரவில் தூங்குவதில்லை, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். கணவர் நான் மிகைப்படுத்துகிறேன் என்கிறார். வயது ஏற ஏற இது போய்விடுமா? நீச்சல் வகுப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறாள், சேர்க்கலாமா?

குழந்தை நல மருத்துவரின் பதில்:

முதலில் ஒரு வேலை. மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். தினமும் போடச் சொன்ன இன்ஹேலரை நிறுத்திவிட்டதை இன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். பாதிக்குப் பாதிப் பெற்றோர் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். ஆனால் ஆஸ்துமாவுக்காக ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தைக்கு அடுத்த சில மாதங்களில் அதே மாதிரி இன்னொரு முறை வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாள் கடத்தாதீர்கள்.

மூன்று வாரத்தில் அவள் நன்றாக இருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து வேலை செய்ததால்தான் நன்றாக இருந்தாள். இதைப் புரிந்துகொள்ள, மூச்சுக்குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் எப்போதும் லேசாக வீங்கி, சிவந்து இருக்கும். இளைப்பு இல்லாத நாளிலும் அப்படித்தான். சிராய்த்த தோலில் வெறும் தண்ணீர் பட்டாலும் எரிகிற மாதிரி, அந்தச் சுவர் சாதாரணச் சளிக்கும், புகைக்கும், குளிர்ந்த காற்றுக்கும்கூட அளவுக்கு மீறிச் சினந்துகொள்ளும். அப்போது மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன: சுவரின் வீக்கம் கூடுகிறது, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்ளே கெட்டியான சளி சுரக்கிறது. நான்கு வயதுக் குழந்தையின் குழாய் ஏற்கெனவே சிறியது. அதில் சுவர் கொஞ்சம் தடித்தாலே காற்றுக்கு வழி வெகுவாகக் குறைந்துவிடும். இளைப்பின்போது நெஞ்சில் கேட்கும் விசில் சத்தம், நெருக்கப்பட்ட வழியில் காற்று வெளியேறும் சத்தம்தான்.

இரண்டு இன்ஹேலர் கொடுப்பதும் இதனால்தான். இளைப்பு வந்தால் போடச் சொன்னது பெரும்பாலும் சால்புடமால். சில நாடுகளில் அதற்கு ஆல்புடெரால் என்று பெயர். அது இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். நான்கு மணி நேரம் போலத் தாங்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தை ஆற்றுவது காலை, இரவு போடச் சொன்ன மற்றொன்று: பியூடிசோனைடு, ஃப்ளூடிகசோன், பெக்லோமெதாசோன் என்று ஏதாவது ஒரு பெயர் அதில் இருக்கும். உங்கள் மாமியார் பயப்படும் ஸ்டீராய்டு இதுதான். அது போட்டவுடன் எதுவும் தெரியாது. ஒரு வாரம், இரண்டு வாரம் ஆன பிறகுதான் இரவு இருமல் குறையும், முழுப் பலன் கிடைக்க இன்னும் மாதங்கள் ஆகும். நிறுத்தினாலும் மறுநாளே ஒன்றும் ஆகிவிடாது. குழந்தை ஓடியாடிக்கொண்டுதான் இருப்பாள், வீக்கம் சத்தமில்லாமல் திரும்பும், அடுத்த சளி வரும்போது தெரியும். நிறுத்தியதற்கும் இளைப்புக்கும் இடையில் இந்த இடைவெளி இருப்பதால்தான் பெற்றோர் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

வீட்டில் இருக்கும் இரண்டு டப்பாக்களையும் எடுத்து, எது எது என்று பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி வையுங்கள். ஒன்றில் ‘தினமும்’, இன்னொன்றில் ‘இளைப்புக்கு’. பெரும்பாலும் இளைப்புக்கானது நீல நிறத்தில் இருக்கும் என்றாலும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். திணறும் குழந்தைக்கு அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பரிசோதனை செய்யாமலேயே ஆஸ்துமா என்று சொல்லிவிட்டார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. பெரியவர்களுக்கு ஒரு கருவியில் ஊதச் சொல்லி, காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று அளப்போம். அந்தப் பரிசோதனையைச் சொன்னபடி செய்யக் குழந்தைக்கு ஐந்து, ஆறு வயதாவது ஆக வேண்டும். அதற்குக் கீழே, கதையைக் கேட்டுத்தான் முடிவுக்கு வர முடியும். சளி இல்லாத நாளிலும் இருமுகிறாளா? ஓடினால், விழுந்து விழுந்து சிரித்தால், அழுதால் இருமல் வருகிறதா? விடியற்காலையில் இருமி எழுந்துகொள்கிறாளா? தோலில் அரிப்போடு வரும் கரப்பான் (எக்ஸிமா) இருந்திருக்கிறதா? பெற்றோருக்கு ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உண்டா? சால்புடமால் கொடுத்ததும் மூச்சு சீராகிறதா? தினசரி மருந்து போட்டு இரண்டு, மூன்று மாதத்தில் தேறுகிறாளா? இவற்றுக்கு ஆம் ஆம் என்று பதில் வர வர, சந்தேகம் குறையும். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான் அது. ஆனால் ஒரு விஷயம்: பிறந்த நாளிலிருந்தே மூச்சுச் சத்தம் இருந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ, சாப்பிடும்போதெல்லாம் புரையேறினாலோ, ஏதோ விழுங்கித் திடீரென்று இருமல் தொடங்கியிருந்தாலோ அது வேறு கதை. அப்படி ஏதாவது இருந்தால் உங்கள் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

உங்களால் வந்ததா என்று கேட்கிறீர்கள். ஒவ்வாமை குடும்பங்களில் ஓடும் என்பது உண்மை. உங்கள் தும்மலும் அவளுடைய மூச்சுக்குழாயும் ஒரே உறவுக்காரர்களாக இருக்கலாம். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஒவ்வாமை உள்ள அம்மாக்களின் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வருவதில்லை. குடும்பத்தில் யாருக்கும் எதுவும் இல்லாத வீட்டிலும் வருகிறது. ஒரு மரபணு மட்டும் செய்கிற வேலை இல்லை இது. பல மரபணுக்கள், சிறு வயதில் தாக்கிய வைரஸ்கள், சுவாசித்த காற்று எல்லாம் சேர்ந்தது. நீங்கள் எதையாவது சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ, குழந்தையைக் குளிர்ந்த தண்ணீரில் விளையாட விட்டதாலோ ஆஸ்துமா உண்டாகவில்லை. குற்ற உணர்ச்சியில் இருக்கும் அம்மா குழந்தையை ஓட விடாமல், சிரிக்க விடாமல் பொத்தி வைக்க ஆரம்பிப்பார். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். அதை அலட்சியம் செய்ய எனக்கு மனமில்லை. பேத்தி மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். இந்தப் பகுதியை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இன்ஹேலர் என்பது மருந்தை உள்ளே கொண்டுபோகும் ஒரு வழி. 1955இல் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத் தலைவரின் பதின்மூன்று வயது மகள், ஆஸ்துமா உள்ளவள், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் ஒரு டப்பாவில் வைக்க முடியாதா என்று அப்பாவிடம் கேட்டாள். மறு வருடமே இன்றைய இன்ஹேலரின் முதல் வடிவம் விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரு குழந்தையின் தேவையிலிருந்து பிறந்த பொருள் அது. கடைசிக் கட்டத்தில் கொடுப்பது என்று பலர் நினைப்பது தவறு, முதல் கட்டத்திலேயே கொடுக்க வேண்டியது அதுதான். காரணம் அளவு. சால்புடமால் சிரப்பாகக் கொடுத்தால் இந்த வயதுக்கு ஒரு வேளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் தேவை. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது சுமார் 100 மைக்ரோகிராம், அதாவது 1 மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது. வழியில் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இன்ஹேலர் நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. எது உடம்புக்கு லேசு என்பதை உங்கள் மாமியாரே சொல்லட்டும்.

பழக்கமாகிவிடும் என்பதும் இல்லை. போதைப் பொருள் மாதிரி உடம்பு அதைக் கேட்காது. நீண்ட நாள் போட வேண்டியிருப்பது நோய் நீண்ட நாள் இருப்பதால். நோய் அடங்கிவிட்டால் மருத்துவரே குறைத்துக்கொண்டு வருவார். சாதாரணமாக இரண்டு, மூன்று மாதம் நல்ல கட்டுப்பாட்டில் இருந்த பிறகு, சளி இல்லாத ஒரு சமயம் பார்த்து.

ஸ்டீராய்டு, வளர்த்தி. இதில் மறைக்க எதுவும் இல்லை, பாதிப்பு கொஞ்சம் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்துமா உள்ள 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் பியூடிசோனைடு நான்கு முதல் ஆறு ஆண்டுகள் கொடுத்து, அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார்கள். 2012இல் முடிவு வெளியானது. மருந்து எடுத்தவர்களின் இறுதி உயரம், எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 செ.மீ. குறைவு. அந்தக் குறைவும் ஆரம்ப வருடங்களில் ஏற்பட்டதுதான், வருடா வருடம் கூடிக்கொண்டே போகவில்லை. உங்கள் மகளுக்கு எழுதியிருப்பது அனேகமாக இதைவிடக் குறைந்த அளவாகத்தான் இருக்கும். இன்னொரு பக்கத்தையும் தராசில் வைக்க வேண்டும். அடிக்கடி இளைப்பு வந்து, இரவுத் தூக்கம் கெட்டு, சாப்பிட முடியாமல் இருக்கும் குழந்தையின் வளர்த்தியும் பாதிக்கும். ஒவ்வொரு இளைப்புக்கும் வாய்வழி ஸ்டீராய்டு கொடுக்க நேர்ந்தால், 15 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 30 மில்லிகிராம் வரை போகும். இரண்டும் வேறு வேறு மருந்து, எண்ணை எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்று மைக்ரோகிராமில், மற்றது மில்லிகிராமில் என்பதைப் பார்த்தாலே, தினசரி இன்ஹேலர் எதைத் தவிர்க்கிறது என்று புரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து குறித்து வையுங்கள், போதும். மருந்து போட்ட பிறகு வாயைக் கொப்பளிக்க வையுங்கள், மாஸ்க் பட்ட முகத்தையும் துடைத்துவிடுங்கள். வாயில் வெள்ளை படிவது, குரல் கம்முவது போன்ற சில்லறைத் தொல்லைகள் அதில் தவிர்ந்துவிடும்.

சரி, மருந்து உண்மையிலேயே நுரையீரலுக்குப் போகிறதா? ‘இன்ஹேலர் கேட்கவில்லை’ என்று வரும் குழந்தைகளில் பலருக்கு மருந்தை மாற்றத் தேவையே இருக்காது, போடும் விதத்தை மாற்றினால் போதும். நான்கு வயதுக் குழந்தைக்கு இன்ஹேலரை நேராக வாயில் வைத்து அடிக்கவே கூடாது. ஸ்பேசர், அதாவது ஒரு முனையில் இன்ஹேலரும் மறு முனையில் மாஸ்க்கும் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய், கட்டாயம் வேண்டும். குழந்தையை மடியிலோ நாற்காலியிலோ நிமிர்ந்து உட்கார வையுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரின் பின்னால் செருகுங்கள். மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடும்படி வைத்து, கன்னத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிப் பிடியுங்கள். கண்ணின் ஓரம், மூக்கின் பக்கவாட்டு, இந்த இரண்டு இடத்தில்தான் காற்று கசியும். ஒருமுறை அழுத்துங்கள். அப்புறம் குழந்தை சாதாரணமாக ஐந்தாறு மூச்சு விடட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஸ்பேசரில் உள்ள வால்வு அசைவதைப் பார்க்கலாம், சில ஸ்பேசர்களில் டக் என்று சத்தமும் கேட்கும். வால்வு அசையாவிட்டால் மருந்து உள்ளே போகவில்லை என்று அர்த்தம். இரண்டு முறை போடச் சொல்லியிருந்தால், அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி, முதலிலிருந்து செய்ய வேண்டும். நேரம் மிச்சம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் அடித்தால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, ஸ்பேசர் சுவரிலேயே படிந்துவிடும்.

அவள் அழுது முரண்டு பிடிக்கும்போது போட்டால் பெரும்பகுதி வீண். வீறிட்டு அழும் குழந்தைக்கு மருந்து தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால் முதல் சில நாட்கள் மருந்தில்லாத ஸ்பேசரை விளையாட்டுச் சாமானோடு போட்டுவையுங்கள். பொம்மைக்குப் போடட்டும், உங்களுக்குப் போடட்டும். மாஸ்க்கைத் தானே முகத்தில் பிடித்துக்கொள்ளும் உரிமையை அவளுக்குக் கொடுங்கள். எத்தனை மூச்சு என்று எண்ணும் வேலையையும் அவளிடமே விடலாம், விரலை மடக்கி எண்ணுவாள். தூங்கும்போது போட்டுவிடலாம் என்று தோன்றும். பெரும்பாலும் அவள் விழித்துக்கொண்டு, அதோடு மாஸ்க் என்றாலே பயந்துவிடுவாள். பல் தேய்ப்பதற்குச் சற்று முன் போடுவது என்று வைத்துக்கொண்டால் மறதியும் வராது, வாய் கொப்பளிப்பதும் தானாக நடந்துவிடும்.

ஸ்பேசரை மாதம் ஒருமுறை சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, அப்படியே உலர விடுங்கள். உள்ளே துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். இன்ஹேலரில் எண்ணிக்கை காட்டும் வசதி இல்லையென்றால், திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். 200 முறைக்கான டப்பாவைத் தினமும் நான்கு முறை அழுத்தினால் 50 நாளில் தீர்ந்துவிடும். அதன் பிறகும் புஸ் என்று காற்று வரும்; மருந்து இருக்காது. குலுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

மருந்தைப் புகைமூட்டம் போலாக்கி மாஸ்க் வழியாகத் தரும் கருவியான நெபுலைசர் வாங்கிவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். சாதாரணமான, நடுத்தரமான இளைப்புக்கு ஸ்பேசர் வழியாகப் போடும் மருந்து நெபுலைசருக்குக் குறைந்ததில்லை என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஸ்பேசரைப் பைக்குள் போட்டு எங்கேயும் கொண்டுபோகலாம். வீட்டில் நெபுலைசர் இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு: ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் ‘இன்னொரு தடவை வைத்துப் பார்ப்போம்’ என்று தோன்றும்.

மான்டிலுகாஸ்ட் என்ற மாத்திரையைச் சில குழந்தைகளுக்குச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. அப்படிக் கொடுத்திருந்தால், கெட்ட கனவு, காரணமில்லாத கோபம், தூக்கம் கலைவது, திடீர்ச் சோர்வு வருகிறதா என்று கவனியுங்கள். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி அந்த மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் இரவுகள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்த இடம் இதுதான். கண்ணெதிரே குழந்தை மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்த பிறகு தூக்கம் வராதது மிகைப்படுத்தல் இல்லை. உங்கள் கணவர் அன்று எங்கே நின்றிருந்தாரோ தெரியாது, அவருக்கும் பயம் இருக்கும். வேறு மாதிரி காட்டுகிறார். ஆனால் விழித்திருப்பது குழந்தையைக் காப்பாற்றாது. காப்பாற்றுவது அந்தத் தினசரி மருந்தும், எதைப் பார்த்தால் என்ன செய்வது என்ற தெளிவும்தான். அந்தத் தெளிவு இல்லாததால்தான் ஒவ்வொரு மூச்சையும் காவல் காக்கிறீர்கள்.

எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், மூக்கடைப்பின் சத்தமும் பயமுறுத்தும். சட்டையைத் தூக்கிவிட்டு, விளக்கைப் போட்டுப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே குழிகிறதா? விலாவுக்குக் கீழே? கழுத்தின் அடியில், இரண்டு காறை எலும்புகளும் சேரும் அந்தப் பள்ளத்தில்? மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்குகிறதா? அடுத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 60 விநாடி வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு, அமைதியாக இருக்கும்போது 40ஐத் தொட்டால் அது வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குழிவும் இல்லை, வேகமும் இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறாள் என்றால் விளக்கை அணைத்துவிட்டு நீங்களும் படுங்கள். மறுபடி மறுபடி எழுந்து பார்க்க வேண்டியதில்லை. ஆஸ்துமாவில் மூச்சுத் திணறினால் பெரும்பாலான குழந்தைகள் இருமி, விழித்து, அழுவார்கள். பக்கத்து அறைக்கும் கேட்கும்.

இளைப்பு இருந்தால், உட்கார வைத்து, இளைப்புக்கான இன்ஹேலரை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு அழுத்தமாகப் போடுங்கள். எத்தனை என்பதை உங்கள் மருத்துவர் எழுதித்தர வேண்டும். இந்த வயதுக்குப் பொதுவாக வீட்டில் முதலில் 2 அழுத்தம், குறையாவிட்டால் 20 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை அதே அளவு என்று சொல்வார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 6 அழுத்தத்துக்கு மேல் தேவைப்பட்டாலோ, மூன்று, நான்கு மணி நேரம்கூடத் தாங்காமல் திரும்பி வந்தாலோ ஆஸ்பத்திரிதான். உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தால், ஒரு வாக்கியம் பேசவோ தண்ணீர் குடிக்கவோ முடியாவிட்டால், துவண்டு மயக்கமாக இருந்தால், இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது வரும்வரை இன்ஹேலரை ஒவ்வொரு அழுத்தமாகப் போட்டுக்கொண்டே இருங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: விடாமல் இழுத்துக்கொண்டிருந்த விசில் சத்தம் திடீரென்று நின்று, குழந்தை இன்னும் சிரமப்பட்டுக்கொண்டிருந்தால் அது குணம் இல்லை. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை.

இதையெல்லாம் ஒரே தாளில் பச்சை (நன்றாக இருக்கும்போது), மஞ்சள் (இளைப்பு வந்தால்), சிவப்பு (அவசரம்) என்று மூன்று பகுதியாக எழுதித்தரச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தின் பெயர், எத்தனை அழுத்தம், எப்போது கிளம்ப வேண்டும், எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கேட்டு வாங்குவதில் கூச்சப்பட எதுவுமில்லை. ஒரு பிரதி வீட்டில், ஒன்று பள்ளியில், ஒன்று பாட்டியிடம். ஓர் இரவு உங்கள் கணவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பொறுப்பெடுக்கட்டும், நீங்கள் வேறு அறையில் தூங்குங்கள். ஸ்பேசரை எப்படிப் போடுவது என்று தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருக்கும்வரை உங்களுக்குத் தூக்கம் வராது. இத்தனைக்குப் பிறகும் பல வாரங்களாகத் தூக்கம் பிடிக்காமல், பகலிலும் நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தால், உங்களுக்காக ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதுவும் குழந்தையின் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

வீட்டைப் பொறுத்தவரை, புகை ஒன்றுதான் கறாராக இருக்க வேண்டிய விஷயம். யாரும் வீட்டுக்குள் புகைக்கக் கூடாது, பால்கனியில் புகைத்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்குவதும் சரியில்லை, அந்தத் துணியிலும் புகை இருக்கிறது. எதை எரித்து வரும் புகையானாலும் இதே சட்டம். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிப் பூச்சிகள் சாகும். ஈரம் கசிந்து பூசணம் பிடித்த சுவர் இருந்தால் சரி செய்யுங்கள். பிடித்த உணவையெல்லாம் நிறுத்துவது, பொம்மைகளைத் தூக்கி எறிவது, ஜன்னல்களை அடைத்து வைப்பது எதுவும் வேண்டாம். இந்த வயதில் இளைப்பைக் கிளப்புவது பெரும்பாலும் சளி வைரஸ்தான், அதற்கு வேலி போட முடியாது. வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள்.

போய்விடுமா என்று கேட்டீர்கள். சளி பிடிக்கும்போது மட்டும் இளைக்கும் சின்னக் குழந்தைகளில் பலருக்கு ஆறு வயதுக்குள் நின்றுவிடுகிறது. கரப்பான், ஒவ்வாமை, பெற்றோருக்கு ஆஸ்துமா, சளி இல்லாமலும் இளைப்பு, இவை இருந்தால் நீடிக்கும் வாய்ப்பு அதிகம். நீடித்தவர்களிலும் சிலருக்கு வளரும் வயதில் அடங்கும், அவர்களில் சிலருக்குப் பெரியவர்களான பிறகு திரும்பும். உங்கள் மகள் இதில் எந்தப் பக்கம் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. நிச்சயம் போய்விடும் என்று சொல்பவர்களையும், ஒரேயடியாகக் குணமாக்குகிறேன் என்று எதையாவது விற்பவர்களையும் நம்பிவிடாதீர்கள். ஆனால் கட்டுப்பாட்டில் இருக்கிறாளா என்பதை இன்றே சொல்ல முடியும். கடந்த நான்கு வாரத்தை நினைத்துப் பாருங்கள்: வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் பகலில் இருமலோ இளைப்போ வந்ததா? இரவில் இருமி எழுந்தாளா? மற்றக் குழந்தைகள் அளவுக்கு ஓட முடியாமல் உட்கார்ந்தாளா? வாரத்தில் ஒருமுறைக்கு மேல் இளைப்பு இன்ஹேலர் தேவைப்பட்டதா? நான்குக்கும் இல்லை என்றால் கட்டுப்பாட்டில் இருக்கிறாள். ஒன்றிரண்டு ஆம் என்றாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் எடுத்துப்போய், அவர் எதிரிலேயே போட்டுக் காட்டுங்கள்.

அவளிடமும் இதைப் பேசுங்கள். நான்கு வயதுக்குப் புரியும் அளவில், ‘மூச்சு போகிற குழாய் சில நேரம் வீங்கிக்கும், இது போட்டா சரியாகும்’ என்றால் போதும். அவள் காதுபடப் போன மாதக் கதையை உறவினர்களிடம் விவரிக்க வேண்டாம். ‘இளைக்குதுன்னா அம்மாகிட்டயோ டீச்சர்கிட்டயோ சொல்லணும்’ என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள்.

நீச்சலில் சேருங்கள். தினசரி மருந்தை மறுபடி ஆரம்பித்து, மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் இல்லை என்று வரும்வரை சில வாரம் பொறுத்து, பிறகு. வெதுவெதுப்பான ஈரக்காற்றில் செய்யும் பயிற்சி என்பதால் ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. மூடிய அரங்கில் குளோரின் நெடி கண்ணை எரிக்கும் அளவுக்கு இருந்தால் மட்டும் வேறு குளம் பாருங்கள். பதினான்கு வயதில் ஆஸ்துமா என்று கண்டறியப்பட்ட பவுலா ராட்கிளிஃப் 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடினார். பெண்கள் பிரிவில் அந்த உலக சாதனை 2019 வரை நின்றது. விளையாடும்போது இருமல் வந்தால் அது வகுப்பை நிறுத்துவதற்கான காரணம் இல்லை, சிகிச்சையைச் சரிபார்ப்பதற்கான காரணம். பயிற்சியாளரிடம் முதல் நாளே விஷயத்தைச் சொல்லி, அந்தத் தாளின் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். இளைப்புக்கான இன்ஹேலரும் ஸ்பேசரும் உடை மாற்றும் அறையில் பூட்டிய பைக்குள் இருக்கக் கூடாது, குளத்தின் கரையில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.